அவரே இவர்: ஏடுகளுக்கிடையே ஓர் ஆளைத் தேடுதல்

ஒரு பதிவேட்டில் உள்ள பெயரும் வேறொரு பதிவேட்டில் உள்ள பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று எந்த நிலையில் துணிந்து சொல்லலாம் என்ற கேள்வி, இன்று பெரும்பாலும் கணினி முன் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞரின் கேள்வியாகவே கருதப்படுகிறது. விரிதாளில் ஒரு பணித்தாளின் நிரையை, அதாவது ஓர் ஆளைப் பற்றிய விவரங்கள் கிடையாக அடுக்கப்பட்டிருக்கும் வரியை, மற்றொரு பணித்தாளின் நிரையோடு பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், இலக்கம் எனப் பல நிபந்தனைகளைக் கொண்டு பொருத்துவது அலுவலகங்களில் நாள்தோறும் நடக்கும் வேலை. ஆனால் அடையாளங்கள் பொருந்தியதாலேயே ஆள் ஒருவராகிவிடுவாரா, பொருந்தாததாலேயே வேறொருவராகிவிடுவாரா என்பது அளவை நூல்கள் நெடுங்காலம் ஆராய்ந்த கேள்வி. அறிவு எவ்வழியில் பிறக்கிறது, அது மெய்யறிவு என்பதற்கு உறுதி என்ன என்று ஆராயும் துறையே அளவை எனப்படும். இலங்கையின் மலையகத்தில் இதே கேள்வி இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான ஒரு மக்கட்கூட்டத்தின் குடியுரிமையையும் அவர்களது முதுமைக்காலச் சேமிப்பையும் தீர்மானித்திருப்பதால், அதை வெறும் ஏட்டுத் தருக்கமாக இங்கு யாரும் ஒதுக்கிவிட முடியாது.

அதே மலையகத்தில், கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், தேயிலை மலைகளுக்கும் அருவிக்கும் நடுவே இருக்கும் இறம்பொடையில் சின்மயா மிஷன் எழுப்பிய பக்த அனுமன் கோயில் உள்ளது. 18 அடி உயரமான அனுமன் திருவுருவத்தைக் காண நாடெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். சீதை சிறையிருந்த இடமென்று மக்கள் நம்பும் சீதா எலிய, நுவரெலியாவைத் தாண்டி ஹக்கலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. அனுமனின் வலிமையையும் பக்தியையும் போற்றுவோர் பலர் அவன் செய்த அறிவுச் செயலைப் போதிய அளவு கவனிப்பதில்லை. முன்பின் நெருங்கிப் பழகியிராத ஒரு பெண்ணை, பிறர் சொல்லக் கேட்ட அடையாளங்களை மட்டும் துணையாகக் கொண்டு, பல்லாயிரம் பேர் வாழும் அந்நிய நகரில் இன்னார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அவனுக்குக் கொடுக்கப்பட்டது. பல நிபந்தனைகளால் ஓர் ஆளைப் பொருத்திக் காணுதல் என்ற செயலுக்கு இதைவிடத் தெளிவான இலக்கியச் சான்று கிடைப்பது அரிது.

வான்மீகி இராமாயணத்தின் சுந்தர காண்டத்தில் அனுமன் முதலில் தவறுகிறான். இராவணனின் அந்தப்புரத்தில் தனிக் கட்டிலில் உறங்கும் மண்டோதரியைக் கண்டு, அழகு, இளமை, பொன்னிறம், அரசியருக்குரிய தோற்றம் ஆகிய அடையாளங்கள் எல்லாம் பொருந்துவதால் இவளே சீதை என்று எண்ணித் துள்ளுகிறான். பின்னர் அவனே தன் எண்ணத்தைத் திருத்திக்கொள்கிறான்: இராமனைப் பிரிந்த சீதை இப்படி அணிபூண்டு, உண்டு, அயர்ந்து உறங்கியிருக்க மாட்டாள். அவன் இங்கே புதிதாக ஒரு நிபந்தனையைச் சேர்த்தான் என்று மட்டும் சொன்னால் போதாது. முன்னைய அடையாளங்கள் யாவும் பலருக்கும் பொதுவானவை, இப்போது அவன் கருதுவதோ சீதைக்கே உரிய நிலை என்ற வேறுபாட்டையும் உணர்ந்தான் என்பதே முக்கியம்.

அசோக வனத்தில் நடப்பது இன்னும் நுட்பமானது. இராவணன் தூக்கிச் சென்றபோது சீதை வானிலிருந்து ருசியமூக மலையில் எறிந்த அணிகலன்களை அனுமன் முன்பே கண்டிருக்கிறான். அவள் என்னென்ன அணிந்திருந்தாள் என்பதையும் இராமன் வழியாக அறிந்திருக்கிறான். ஆகவே அவனிடம் இரண்டு பட்டியல்கள் உள்ளன. எதிரே மெலிந்து, அழுக்கேறிய ஆடையோடு இருக்கும் பெண்ணின் உடலில் காணப்படும் அணிகள் இராமன் சொன்ன பட்டியலில் இருக்கின்றன. அப்பட்டியலில் இருந்தும் அவள் உடலில் காணப்படாதவை எவையோ, அவையே ருசியமூகத்தில் விழுந்தவை. ஒன்றில் குறைவது மற்றொன்றில் இருப்பதால், பொருந்தாமையே பொருத்தத்துக்குச் சான்றாகிறது. குறைந்திருக்கும் அணிகளைக் கண்டு "இவள் அல்லள்" என்று விலகிப்போகாமல், அக்குறை எவ்வாறு நேர்ந்தது என்று வினவியதாலேயே அனுமன் சீதையைக் கண்டான்.

இவ்விரு நிகழ்ச்சிகளும் தருக்க நூல்கள் சொல்லும் இலக்கணக் குற்றங்களோடு நேரே இணைகின்றன. ஒரு பொருளைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் சிறப்பியல்பு இலக்கணம் எனப்படும். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றி, 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழில் மொழிபெயர்த்த தருக்க சங்கிரகத்தின் மரபு, அதற்கு மூன்று குற்றங்களைக் கூறுகிறது. கொம்புடையது பசு என்றால் எருமையும் அதனுள் அடங்கிவிடும். இது இலக்கணம் தன் எல்லையைத் தாண்டிப் பரவும் அதிவியாத்தி. கபில நிறமுடையது பசு என்றால் வெள்ளைப் பசுக்கள் வெளியே நின்றுவிடும். இது உரியவற்றுள் சிலவற்றை விட்டுவிடும் அவ்வியாத்தி. ஒற்றைக் குளம்புடையது பசு என்றால் எந்தப் பசுவும் தேறாது, இது அசம்பவம். மண்டோதரியைச் சீதையென்று எண்ணியது அதிவியாத்தி. எல்லா அணிகளும் உடலில் இருந்தால்தான் சீதை என்று பிடிவாதமாக நின்றிருந்தால் அது அவ்வியாத்தியாகியிருக்கும். நிபந்தனைகளைக் குறைத்தால் அயலார் உள்ளே வருவர், கூட்டினால் உரியவர் வெளியே தள்ளப்படுவர் என்ற இக்கட்டிலிருந்து எந்தப் பட்டியலும் எந்தக் கணினியும் தப்பியதில்லை.

தோட்டத்து ஏடுகளில் இந்த இக்கட்டு எவ்வாறு உருவெடுக்கிறது என்பதை அருகிலிருந்து பார்ப்பது அவசியம். காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து மலைக்குப் போகும் தொழிலாளியின் வேலைநாள் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பதியப்படுகிறது. அதிலிருந்தே சம்பளமும், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதிக்கான பங்களிப்பும் கணக்கிடப்படுகின்றன. பிறப்புச் சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வேறு கைகளால், வேறு காலத்தில், பல வேளைகளில் வேறு மொழியில் எழுதப்பட்டவை. செக்ரோலில் "க. லெட்சுமி" என்றிருப்பவர் அடையாள அட்டையில் "கருப்பையா லெச்சுமி" என்றும், சேமலாப நிதிப் பத்திரத்தில் "இலட்சுமி" என்று மட்டும் இருக்கக்கூடும். பிறந்த ஆண்டு ஓரிடத்தில் மதிப்பீடாகவும் மற்றோரிடத்தில் பதிவு செய்த நாளை ஒட்டியதாகவும் இருக்கும். பழைய அடையாள அட்டை இலக்கமோ பிறந்த திகதியையே தன்னுள் கொண்டது: முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் அடுத்த மூன்று அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்க, பெண்ணாயின் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 1962 ஜனவரி 20இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 62520 என்று தொடங்கும். ஆகவே பிறந்த திகதி ஒருமுறை தவறாகக் கொடுக்கப்பட்டால் இலக்கமும் அத்தவறைச் சுமந்துகொள்கிறது. இரண்டு தனித்தனிச் சான்றுகள் போலத் தோன்றுபவை உண்மையில் ஒரே சான்றின் இரு நிழல்கள்தாம்.

முகவரியைத் துணைக்கழைப்பதும் உதவாது. ஒரு லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வாழும் பல குடும்பங்களுக்கும் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே நெடுங்காலமாக முகவரியாக இருந்துவந்திருப்பதால், அந்த நிரலை, அதாவது ஏட்டின் அந்தச் செங்குத்து வரிசையை, நிபந்தனையாகச் சேர்த்தாலும் அது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பதில்லை. சேமலாப நிதியில் உறுப்பினர் இலக்கம் தனித்து நிற்பதன்று. தொழில்வழங்குநர் இலக்கத்தோடு சேர்ந்தால்தான் அது ஒருவரைச் சுட்டும். 214ஆம் உறுப்பினர் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒருவர் இருக்கலாம். 1970களில் தேசியமயமாகி, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் நிருவாகம் ஒப்படைக்கப்பட்ட தோட்டங்களில் தொழில்வழங்குநர் மாறும்போது இலக்கமும் மாறக்கூடும் என்பதால், மலையை விட்டு நகராமல் ஒரே கொழுந்துக்கூடையோடு நாற்பதாண்டு உழைத்தவரும் ஏட்டில் இருவராகவோ மூவராகவோ பிரிந்து நிற்பார்.

இத்தகைய ஏடுகளை விரிதாளில் ஏற்றிப் பொருத்தும்போது கருவி தன் இயல்புப்படியே நடக்கிறது. தொழில்வழங்குநர் இலக்கம், உறுப்பினர் இலக்கம் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒரே சொல்லாக ஒட்டித் தேடுவது பலரும் கையாளும் வழி. ஆனால் 12ஆம் தொழில்வழங்குநரின் 345ஆம் உறுப்பினரும் 123ஆம் தொழில்வழங்குநரின் 45ஆம் உறுப்பினரும் இடைக்குறியின்றி ஒட்டினால் 12345 என்றே ஆகிவிடுவார்கள். தேடற்சூத்திரம் முதலில் பொருந்திய நிரையோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பொருந்தும் வேறு நிரை உண்டா என்று அது தானாகக் கேட்பதில்லை என்பதால், பொருந்தும் நிரைகள் எத்தனை என்று முன்னதாக எண்ணிப் பார்ப்பது எழுதுவினைஞரின் கடமையாகிறது. பெயரின் ஈற்றில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலே பெயர் வேறாகிவிடும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு: "கோபால்" என்ற பெயரின் முதலெழுத்தில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் பதியலாம், முன்னுள்ள கொம்பும் பின்னுள்ள காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம், திரையில் வேறுபாடு சிறிதும் தெரியாவிட்டாலும், முன்கூட்டி ஒழுங்குபடுத்தாவிடில் கணினி இரண்டையும் வெவ்வேறாகக் கொள்ளக்கூடும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காட்சியளவையை விளக்குமிடத்து ஒன்றை மற்றொன்றாகக் காணும் திரிபையும், இதுவோ அதுவோ என்று தடுமாறும் ஐயத்தையும் மெய்யான காட்சியிலிருந்து விலக்குகிறது. கருவி திரியும், ஆனால் ஐயுறாது. தான் கண்டது தவறாக இருக்குமோ என்ற கேள்வி அதற்குள் எழுவதில்லை என்பதே மனிதக் காட்சியிலிருந்து அதைப் பிரிக்கும் எல்லை.

ஜெர்மானியத் தத்துவஞானி லைப்னிட்ஸ் எல்லாப் பண்புகளிலும் ஒத்திருப்பவை இரண்டாக இருக்க முடியாது, அவை ஒன்றே என்று வாதிட்டார். அக்கொள்கை சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, எந்தப் பதிவேடும் ஒருவரின் எல்லாப் பண்புகளையும் கொண்டிருப்பதில்லை. நாலைந்து நிரல்களில் கண்ட ஒப்புமையிலிருந்து ஒருமைக்குத் தாவுவது எப்போதும் அனுமானமே, அதாவது கண்ட குறியைக் கொண்டு காணாத ஒன்றைத் துணிதல். இதை நேர்மையாக ஒப்புக்கொண்ட நவீன ஆய்வு ஒன்று உண்டு. கனடாவின் புள்ளிவிவரத் துறையைச் சேர்ந்த ஐவன் ஃபெலெகியும் ஆலன் சண்டரும் 1969இல் வெளியிட்ட கட்டுரையில், பதிவுகளைப் பொருத்தும்போது பொருந்தியவை, பொருந்தாதவை என்று இரண்டாக மட்டும் பிரிக்காமல், முடிவு சொல்ல முடியாதவை என்ற மூன்றாவது தொகுதியையும் வகுத்து, அதை மனிதர் நேரில் ஆராய வேண்டும் என்றனர். அரிதான பெயரில் காணும் ஒப்புமைக்கு அதிக எடையும், எங்கும் வழங்கும் பெயரில் காணும் ஒப்புமைக்குக் குறைந்த எடையும் தர வேண்டும் என்பதும் அம்முறையின் உள்ளடக்கம். குற்றியோ மகனோ என்று மங்கல் ஒளியில் தோன்றும் உருவத்தைப் பற்றித் தமிழ் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டும் ஐயம் இதுவே: பொதுவியல்பு தெரிந்து, சிறப்பியல்பு தெரியாத நிலை. ஐயத்தை ஐயமாகவே வைத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பதில் நியாயநூலாரும் புள்ளியியலாரும் ஒத்துப்போகிறார்கள்.

அந்த மூன்றாம் தொகுதிக்கு இடமளிக்காத ஒரு பொருத்துதல் மலையக வரலாற்றின் நடுவே நிற்கிறது. 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகனாவதற்கு, அவரது தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்றது. விரிதாள் மொழியில் சொல்வதானால், "மற்றும்", "அல்லது" என்ற இணைப்புகளால் கட்டப்பட்ட நிபந்தனை இது. ஆனால் பொருத்திப் பார்க்க வேண்டிய இரண்டாவது ஏடு, அதாவது தந்தையின் பிறப்புப் பதிவு, பலரிடம் இல்லவே இல்லை. அவர்களது தந்தையரும் பாட்டன்மாரும் பிறந்த காலத்தில் தோட்டத்துப் பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படவில்லை. பதியப்பட்ட இடங்களிலும் எழுதியவர் வேறொருவர். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, மணமானவர் 1946க்கு முன் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வதிந்திருக்க வேண்டும் என்று வேறு நிபந்தனைகளை அடுக்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கும் 1953இல் பிரிவி கவுன்சிலில் தோற்றது. 1964 அக்டோபர் 30இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிக்கையால் பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதென 1974இல் முடிவாயிற்று. யார் யார் என்று அறியும் வினாவே இங்கு கைவிடப்பட்டு, எத்தனை பேர் என்பதே விடையாகிவிட்டது.

1948இன் நிபந்தனை அவ்வியாத்திக் குற்றமுடையது என்பது மட்டுமன்று. அதன் அடியில் இன்னொரு அளவைப் பிழையும் இருந்தது. சித்தாந்த நூல்கள் எண்ணும் பத்து அளவைகளுள் அபாவம் ஒன்று: ஒன்று இல்லை என்பதை அதன் காணாமையால் அறிதல். இதன் இயல்பு பற்றி மீமாஞ்சகரும் நியாயநூலாரும் மாறுபட்டாலும், ஒரு நிபந்தனையில் அவர்கள் உடன்படுகின்றனர். ஒளி நிறைந்த அறையின் வெறுந்தரையில் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை என்று கூறலாம், இருந்திருந்தால் கண்டிருப்பான். இருட்டறையில் காணாதவன் அவ்வாறு கூறுவதற்கு உரிமை இல்லை. பதிவேடு ஒழுங்காகப் பேணப்பட்ட இடத்தில் பதிவின் இன்மை, பிறப்பின் இன்மைக்குச் சான்றாகலாம். பேணப்படாத இடத்தில் அது பதிவேட்டின் குறையைத் தவிர வேறெதையும் காட்டாது. தேடியது கிடைக்கவில்லை என்று விரிதாள் காட்டும் பிழைக்குறியை "அப்படி ஓர் ஆள் இல்லை" என்று படிக்கும் எழுதுவினைஞரும், தந்தையின் பிறப்புப் பதிவு இல்லை என்பதை "தந்தை இங்கு பிறக்கவில்லை" என்று படித்த அரசும் செய்வது ஒரே தவறு. ஆயினும் இரண்டாவதைத் தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது உண்மைக்குக் குறைவானது. அந்த அறையின் விளக்கை ஏற்றும் பொறுப்பு யாரிடம் இருந்ததோ, அவர்களே இருட்டைக் காரணம் காட்டினார்கள்.

வேதாந்த நூல்கள் ஒருமையை விளக்கக் கையாளும் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, "அந்தத் தேவதத்தனே இவன்" என்ற வாக்கியம். அன்று வேறோர் ஊரில் கண்டவன் இளைஞன். இன்று இங்கே நிற்பவன் முதியவன். அந்தக் காலத்தையும் இந்தக் காலத்தையும், அந்த இடத்தையும் இந்த இடத்தையும் விட்டு, இரண்டிலும் தொடரும் ஆளை மட்டும் விடாமல் கொள்வதால் இதை விட்டும் விடாத இலக்கணை என்பர். ஒருவரை அறிவதற்குச் சில முரண்களைத் தெரிந்தே விட வேண்டும் என்பது இதில் அடங்கியுள்ள துணிவு. எதை விடலாம் என்பதற்கு விதி எழுதிவிட முடியாது. "லெட்சுமி", "லெச்சுமி" என்ற வேறுபாட்டை விடலாம் என்று தெரிந்துகொள்ள, அப்பெயர்களை எழுதிய கைகளையும் கேட்ட காதுகளையும் பற்றிய அறிவு வேண்டும். அத்தகைய அறிவுடையவர் பொருத்தும் மேசையில் இல்லாவிட்டால், கடுமையான நிபந்தனை நடுநிலையானது போலத் தோற்றமளித்து, பிறர் செய்த எழுத்துப் பிழையை எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர் தலையில் சுமத்தும்.

இங்கே மூன்றாவது அளவையான உரைக்கு வர வேண்டியிருக்கிறது. சித்தியார் பத்து அளவைகளைக் கூறினாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் ஏனையவற்றை அடக்குகிறது. உரை என்பது நம்பத் தகுந்தவரின் வாக்கு. அசோக வனத்தில் அனுமான அறிவு நிறைவுற்ற பின்னும் அனுமன் அதை முடிவாகக் கொண்டு திரும்பிவிடவில்லை, சீதையிடம் பேசுகிறான். அவளோ இராவணனே உருமாறி வந்திருப்பானோ என்று ஐயுற்று, இராமனின் அடையாளங்களைச் சொல்லும்படி அவனைக் கேட்கிறாள். அவன் சொல்லி, கணையாழியைக் கொடுக்கிறான். அவள் சூடாமணியைத் தருகிறாள். தேடி வந்தவன் தேடப்பட்டவளால் சோதிக்கப்படுகிறான். அறியப்படுபவர் வெறும் நிரையாகக் கிடக்காமல், தன்னைப் பொருத்துபவரை எதிர்க்கேள்வி கேட்கும் நிலையில் இருக்கிறார் என்பதே அந்தக் காட்சியை உயர்ந்த அறிவுச் செயலாக்குகிறது.

மலையகத்தின் குடியுரிமைச் சிக்கல் தீரத் தொடங்கியதும் இவ்வழியில்தான். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தந்தையின் பிறப்பைத் தேடி அலைய வேண்டிய நிலை மாறி, உரியவர் தாமே முடிக்கும் சத்தியக் கடதாசிக்கு மதிப்புக் கிடைத்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களது வழித்தோன்றல்களும் குடிமக்கள் என்று விரிந்த நிபந்தனையை வகுத்தது. சட்டம் ஒழுங்கான ஏட்டைக் கேட்பதை விட்டு, வாழ்ந்தவர் வாக்கைக் கேட்கத் தொடங்கியது.

ஆயினும் அந்த உரை இன்றும் முழுமையான மதிப்போடு ஏற்கப்படுவதில்லை. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் சேமலாப நிதியைப் பெறப் போகும்போது பத்திரங்களில் பெயர் மாறியிருந்தால், இரு பெயர்களும் தம்மையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, தோட்டத்திலிருந்து கடிதம் பெற்று, ஒரு நாளைச் செலவழித்து பஸ் ஏறித் தொழில் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. தாம் தாமே என்று சத்தியம் செய்யும் கடமை அவருக்கு. பெயரை மாற்றி எழுதிய பேனாவுக்கு அத்தகைய கடமை எதுவும் விதிக்கப்படவில்லை. ஃபெலெகியும் சண்டரும் மூன்றாம் தொகுதியை ஆராயும் உழைப்பைப் பதிவேட்டை வைத்திருப்பவரிடம் கொடுத்தனர். மலையகத்தில் அவ்வுழைப்பு பதிவேட்டில் எழுதப்பட்டவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. செக்ரோலும் சேமலாப நிதி ஏடும் இன்று கணினிக்கு ஏறிவரும் வேளையில், பொருந்தாத நிரைகளைத் தனியே பிரித்தெடுத்து, உரியவர் உயிரோடிருக்கும்போதே, அவர் ஓய்வுபெறும் நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே, லயத்துக்குச் சென்று அவரிடமே கேட்டுத் திருத்துவது நிருவாகங்களுக்கும் தொழில் திணைக்களத்துக்கும் இயலாத காரியமன்று. பிழை யாருடைய கையில் பிறந்ததோ, அதைத் தேடிச் செல்லும் நடையும் அவர்களுக்கே உரியது.